பதினோரு அங்குலச் சாய்வு

சுத்தியலின் மரப்பிடியால் தூணில் ஒரு தட்டு. காதைச் சாய்த்து ஒரு கணம். "ம்." அடுத்த தூண். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டன்வெல் கவுண்டியின் வருடாந்தர விவசாயப் பொருட்காட்சித் திடலுக்குப் போனால் ஆர்டிஸ் நொவோட்னியை இப்படித்தான் பார்க்கலாம். மாட்டுக் கொட்டகையில் நாற்பத்தெட்டுத் தூண், பன்றிக் கொட்டகையில் முப்பது. குதிரைப் பந்தயக் கேலரிக்கு அடியில் எத்தனை என்று எனக்குத் தெரியாது. ஒன்றையும் விடமாட்டார். "நல்ல தூணு கேட்டா பதில் சொல்லும். உளுத்தது சும்மா 'தொப்'புங்கும், தூக்கத்துல எழுப்பின மாதிரி" என்பார்.

அறுபத்தொரு வயதுப் பெண். ஆண்கள் போடும் கட்டம் போட்ட சட்டை, முழங்காலில் இரண்டு தடவை ஒட்டுப்போட்ட நீலக் கால்சட்டை. மேல்பையில் பென்சில் துண்டு, அளவு நாடா, காகிதத்தில் சுற்றிய நாலைந்து சிவப்பு முள்ளங்கி. முள்ளங்கியை வெண்ணெயில் தோய்த்து, பேசிக்கொண்டே நறுக்கென்று கடிப்பது வழக்கம். எதிரில் இருப்பவர் முக்கியமான ஏதாவது சொல்லும்போதுதான் அந்தச் சத்தம் வரும்.

பள்ளிக்கூடம் நடக்கும் ஒன்பது மாதம் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். மிச்ச மூன்று மாதமும் திடலின் காவலர், தச்சர், குழாய்க்காரர், தேவைப்பட்டால் போலீஸ். பந்தயப் பாதையை எப்போதும் இடப்பக்கமாகவே சுற்றி நடப்பார். குதிரைகள் அப்படித்தான் ஓடுகின்றனவாம். ராட்டினத்தில் ஒரு முறைகூட ஏறியதில்லை. "போல்ட்டை முடுக்கறது யாருன்னு எனக்குத் தெரியும்" என்று காரணம் சொல்வார்.

நான் இந்த ஊரின் வாரப் பத்திரிகையை நடத்துகிறவன். பொருட்காட்சிக் கமிட்டியின் செயலாளர் வேலையும் பதினாறு வருடமாக என் தலையில். அதனால் கமிட்டிக் கூட்டங்களைப் பதிந்த பழைய மினிட்ஸ் புத்தகங்கள் சட்டப்படி என் பொறுப்பு. ஆனால் அவை இருப்பது ஆர்டிஸின் பேருந்தில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டியில். மதியச் சாப்பாட்டின்போது மற்றவர்கள் தொடர்கதை படிப்பதுபோல அவர் மினிட்ஸ் படிப்பார். 1879-இல் முதல் பொருட்காட்சி நடந்ததும், வெட்டுக்கிளி தின்றது போக மிஞ்சிய பூசணிக்காய்கள் ஒன்பது மட்டுமே அங்கே வந்ததும் அவருக்குப் போன வாரச் செய்தி. 1918-இல் காய்ச்சல் வந்தவர்களைப் படுக்கவைக்கக் கொடுத்த கூடாரங்களில் இரண்டு திரும்பி வரவில்லை என்று இன்னமும் குறைபட்டுக்கொள்வார். 1936-ஆம் வருட வறட்சியில் ஒரே ஒரு விவசாயி, மூன்றடி உயரச் சோளத் தட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டியில் வைத்தாராம். போட்டிக்கு வேறு ஆளில்லை. நடுவர் முதல் பரிசும் கொடுத்துவிட்டு, "உயரம் போதாது" என்று குறிப்பும் எழுதிவைத்தார். இதைச் சொல்லும்போதெல்லாம் ஆர்டிஸ் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். "மனுஷனைப் பாரு! கொடுக்கறதையும் கொடுத்துட்டு, குத்தமும் சொல்றான்!"

அவருக்கு மிகவும் பிடித்த கதை எண்கோண மண்டபத்தினுடையது. ஜாம் பாட்டில்களும் ஒட்டுத்துணிப் போர்வைகளும் கேக்குகளும் ரோஜாப் பூக்களும் பரிசுக்கு வைக்கப்படும் மண்டபம் அது. எட்டுப் பக்கம், எட்டுக் கதவு, உச்சியில் கண்ணாடிக் கூண்டு. 1888-இல் அதைக் கட்டியது இங்கே அல்ல, ஓடைக்கு அந்தப் பக்கத் தாழ்நிலத்தில். ஒரு வெள்ளம் வந்து முழங்கால் சேற்றைக் கொண்டு நிரப்பிவிட்டுப் போனபின், 1913-இல் முப்பத்திரண்டு குதிரைகளைப் பூட்டி, உருட்டுக் கட்டைகள்மேல் மண்டபத்தை அப்படியே மேட்டுக்கு இழுத்து வந்தார்கள். ஒரு கண்ணாடிதான் உடைந்தது.

இந்த ஜூன் மாதம் ஒன்பதாம் தேதி பிற்பகலில் காற்று அடித்தது. சுழற்காற்று இல்லை, மேற்கிலிருந்து நேராக வந்து இருபது நிமிடம் தள்ளிய காற்று. ஊரில் பாதி மரம் படுத்துவிட்டது. திடலில் ஆட்டுக் கொட்டகையின் கூரை சோளக் காட்டில் கிடந்தது. எண்கோண மண்டபம் விழவில்லை. கிழக்கே சாய்ந்து நின்றது. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்ததில் பதினோரு அங்குலம். மறுநாள் கவுண்டிப் பொறியாளர் வந்து எட்டுக் கதவிலும் 'உள்ளே நுழையாதீர்' என்று சிவப்புத் தாளை ஒட்டிவிட்டுப் போனார். பொருட்காட்சி தொடங்க ஏழு வாரம் இருந்தது.

பொறியாளரின் கார் சாலையில் திரும்பி மறையும்வரை காத்திருந்த ஆர்டிஸ், சிவப்புத் தாள் கிழியாமல் கதவைத் திறந்து உள்ளே போனார். நான் வாசலில் நின்று, "வெளிய வாங்க, ஆர்டிஸ்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"கத்தாதீங்க, எடிட்டர். கட்டடம் பயந்துக்கும்."

நடுத்தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். மேலே மூலைகளிலிருந்து இரும்புக் கம்பிகள் வந்து நடுவில் ஒரு வளையத்தில் சேர்கின்றன. மண்டபத்தை இழுத்து வந்தவர்கள் சுவர்கள் விரியாமல் இருக்கப் போட்டவை. விரலை நீட்டி எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு எழுந்து உட்கார்ந்தார்.

"ஏழுதான் இருக்கு" என்றார். "எட்டு மூலைக்கு ஏழு கம்பி. வடகிழக்குல வெறும் மொட்டை. காத்து பிச்சதில்ல. ரம்பத்துல அறுத்தது, வாய் வழவழன்னு இருக்கு."

"யார் அறுத்திருப்பாங்க?"

அவர் தன் கார்ச் சாவியை என் கையில் கொடுத்தார். இருபது வருடம் பேருந்து ஓட்டியவர் இன்னொருவரை வண்டி ஓட்டச் சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன். "முதியோர் இல்லத்துக்கு விடுங்க" என்றார்.

ஆர்டிஸுக்கு முன் முப்பத்தாறு வருடம் திடலைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய அப்பா லாடி நொவோட்னி. எண்பத்தொன்பது வயது. கால்தான் போய்விட்டதே தவிர நினைவு போகவில்லை. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, விழுந்த மரங்களை லாரியில் ஏற்றுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, மண்டபத்துல வடகிழக்கு மூலைக் கம்பி எங்க?"

"எந்தக் கம்பி?"

"அறுத்த கம்பி."

கிழவர் ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எழுபத்தி மூணுல நடுவர் மில்ட்ரெட் மயங்கி விழுந்தா" என்றார். "நூத்தியெட்டு டிகிரி வெயில். ஜாமுக்கு மார்க் போட்டுக்கிட்டே இருந்தவ, ஸ்பூனும் கையுமா அப்படியே சரிஞ்சா. அப்புறம் இன்னும் ரெண்டு பேரு. மறு வருஷம் பெரிய விசிறி ஒண்ணு வாங்கினேன். றெக்கை கம்பியில இடிச்சுது."

"அறுத்துட்டீங்க."

"ஏழு இருக்கேன்னு நெனச்சேன், ஆர்டி."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"கமிட்டியைக் கேட்டிருந்தா விசிறியே வேணாம்னிருப்பாங்க." பிறகு, கேட்கப் பயந்தவர்போலக் கேட்டார்: "விழுந்துடுச்சா?"

"இல்லப்பா. சாஞ்சிருக்கு. பதினோரு அங்குலம்."

லாடி தலை குனிந்துகொண்டார். நாங்கள் கிளம்பும்வரை நிமிரவில்லை. ஆர்டிஸ் அவர் போர்வையைச் சரிசெய்தார். சமாதானமாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்ல வரவில்லை என்று காரில் என்னிடம் சொன்னார். "கோவமா வருது. அவர் மேல பாதி. மீதி என் மேல. இருபத்தோரு வருஷமா அந்த மண்டபத்துல தூணைத் தட்டித் தட்டிக் கேட்டேனே, ஒரு நாளாவது அண்ணாந்து பாத்தேனா?"

அந்த வாரம் கமிட்டி கூடியது. தலைவர் டாரல் வீட்ஸ், பன்றி வளர்ப்பவர், ஆர்டிஸோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். நல்ல மனிதர், ஆனால் எதிலும் முதலில் ஆபத்தைத்தான் பார்ப்பார். இடித்துவிட்டுத் தகரக் கொட்டகை போடலாம், முப்பது நாளில் முடித்துத் தருவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார் என்றார். பலர் தலையாட்டினார்கள்.

"ஒரு தடவை ஓடையைத் தாண்டி வந்த மண்டபம், டாரல். பதினோரு அங்குலம் திரும்பி வராதா?" என்றார் ஆர்டிஸ்.

"வந்து நிக்கும்மா. அப்புறம்? உள்ள குழந்தைங்க ஓடிக்கிட்டிருக்கறப்போ அடுத்த காத்து அடிச்சா? அன்னிக்கு என் மூஞ்சியைப் பாத்து நீ என்ன சொல்லுவ?"

அப்போதுதான் ஆர்டிஸ் எழுந்து நின்று, கம்பி அறுபட்ட விஷயத்தைச் சொன்னார். யார் அறுத்தது, ஏன், எந்த வருடம், எல்லாவற்றையும். அப்பாவின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. லாடியை அங்கே எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேருக்கு மாட்டைப் பிடித்துப் போட்டியில் நடத்தக் கற்றுத் தந்தவர் அவர்தான்.

"இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்றார் டாரல் மெதுவாக. "காத்து தள்ளுச்சுன்னுதான நாங்க எல்லாரும் நம்பினோம்."

"காத்து மேல பழியைப் போட்டா, நிமித்திட்டு மறுபடியும் ஏழு கம்பியோடதான நிப்பாட்டுவீங்க? எட்டாவதைப் போட்டாத்தான் நிக்கும். அது இல்லாம நானே உள்ள விடமாட்டேன், உன் பேத்தியையும் சேத்து."

டாரல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதினாறு நாள் அவகாசம் என்று நான் மினிட்ஸில் எழுதினேன். அதற்குள் நிமிராவிட்டால் இடிப்பது என்றும் எழுதினேன்.

கம்பி செய்யத் தானிய ஆலையில் வெல்டிங் வேலை பார்க்கும் எலியாசர் சாந்தோயோவைப் பிடித்தார் ஆர்டிஸ். அவர் இரண்டு பெண் பிள்ளைகளும் இவர் பேருந்தில் போகிறவர்கள். எலியாசர் வந்து, ஏணியில் ஏறி, மிச்ச ஏழு கம்பிகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். கம்பி செய்யலாம், நடுவில் திருகி இறுக்குகிற பாகமும் செய்யலாம்; ஆனால் இன்னும் இரண்டில் மரை தேய்ந்திருக்கிறது, அதையும் மாற்றவேண்டும் என்றார். இறங்கி வந்தவர் சுற்றிலும் காலியாக இருந்த மேசைகளைப் பார்த்தார்.

"இங்க என்ன நடக்கும், மேடம்?"

"என்ன நடக்குமா? பன்னெண்டு வருஷமா இந்த ஊர்ல இருக்கீங்க!"

"ராட்டினத்துக்கு வருவோம், ஞாயித்துக்கிழமை. இதுக்குள்ள வந்ததில்ல. வாசல்ல ஏதோ சங்கத்து உறுப்பினர் மாதிரி ஆளுங்களா நிப்பாங்க. நமக்கு இல்லைன்னு நெனச்சோம்."

ஆர்டிஸ் சிரிக்க வாயெடுத்தார். சிரிப்பு வரவில்லை. "எலியாசர், இது எல்லாருக்கும். காசுகூடக் கிடையாது" என்றார். பிறகு, "வீட்ல யாரு சமையல்?" என்று கேட்டார்.

"என் மனைவி மாரிசேலா. அவ செய்யற பச்சை மிளகாய்ச் சட்னிக்கு ஆலையில அடிதடியே நடக்கும்."

"பாட்டில்ல அடைச்சுக் கொண்டாரச் சொல்லுங்க. முதல்ல மண்டபம் நிக்கணும்."

இழுக்கும் வேலை ஜூன் இருபத்துமூன்றாம் தேதி தொடங்கியது. டிராக்டரைப் பூட்டி ஒரே இழுவையில் நிமிர்த்திவிடலாம் என்று சொன்ன மூன்று பேரை ஆர்டிஸ் திடலைவிட்டே துரத்தினார். மேற்கே சங்கிலியால் இழுக்க ஐந்து செயின் பிளாக், கிழக்கே அடியிலிருந்து தூக்க ஆறு ஜாக்கி. அவர் விசில் ஊதினால் எல்லாரும் ஒரு பிடி இழுக்கவேண்டும்; இன்னொரு விசிலுக்கு நிறுத்தவேண்டும். ஒரு மணி நேரத்துக்கு அரை அங்குலம். அதற்கு மேல் கூடாது. "நூத்தி முப்பது வயசு ஆளை எழுப்பி உக்கார வைக்கறோம். முதுகுல தட்டி எழுப்பாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

முதல் நாள் நாலு அங்குலம் வந்தது. ஊரே கூடி நின்று, ஒவ்வொரு விசிலுக்கும் மூச்சைப் பிடித்தது. தேவாலயப் பெண்கள் கசகசா வைத்த கொலாச்சி ரொட்டிகளைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் நாள் காலை பத்து மணிக்கு, தூக்குக்குண்டைப் பார்க்க ஆர்டிஸ் தனியாக உள்ளே போயிருந்தபோது, துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். கிழக்குச் சுவரின் அடிக்கட்டை பிளந்துவிட்டது. மண்டபம் ஒரு முறை முனகியது. உச்சியிலிருந்து கண்ணாடி சரிந்து விழுவது கேட்டது.

"ஆர்டிஸ்!" டாரல் போட்ட சத்தத்தில் பன்றிக் கொட்டகைப் புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. அவர் கதவை நோக்கி ஓடினார். நாலு பேர் பிடித்து நிறுத்தினோம்.

தெற்குக் கதவு வழியாக ஆர்டிஸ் வெளியே வந்தார். தலைமுடியெல்லாம் தூசி, முகம் சுண்ணாம்பு மாதிரி. கையில் தூக்குக்குண்டு இருந்தது. ஒரு மரத்தடியில் போய் உட்கார்ந்தார். தூக்குக்குண்டின் கயிற்றைக் கையில் சுற்றினார்.

"போதும்" என்றார் டாரல். "ஒரு கட்டடத்துக்காக ஆளைப் பறிகொடுக்க முடியாது. போதும், ஆர்டிஸ்."

"அடிக்கட்டைதான் போச்சு. மேல எதுவும் அசையல. நான் பாத்தேன்" என்றார் ஆர்டிஸ், மூச்சு வாங்க. "இந்தத் தடவை அண்ணாந்து பாத்தேன், டாரல்."

டாரல் தன் வண்டியில் ஏறிப் போய்விட்டார். வேலை நின்றது. அன்று மாலை முழுக்க ஆர்டிஸ் ஜாக்கிகளுக்கு அடியில் கல் வைத்து முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். எலியாசர் ஆலை வேலை முடிந்து வந்து, மறுபக்கம் முட்டுக்கொடுத்தார். எனக்கு நம்பிக்கை இல்லை. அடுத்த இதழுக்கு மண்டபத்தின் பழைய படம் ஒன்றை எடுத்துவைத்துவிட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு டாரலின் வண்டி திடலுக்குள் வந்தது. பின்னால் இழுவை வண்டியில் இருபதடி ஓக் உத்தரம் ஒன்று. அவர் தாத்தா கட்டிய தொழுவம் இந்தக் காற்றில்தான் விழுந்திருந்தது, அதிலிருந்து எடுத்தது.

"உளுத்திருக்கா பாரு" என்றார் இறங்கியபடி.

ஆர்டிஸ் தட்டினார். காதைச் சாய்த்தார். "இல்ல."

"அப்ப என்ன பாத்துக்கிட்டு நிக்கற? ஒரு முனையைப் பிடி."

ஜூன் இருபத்தெட்டாம் தேதி பிற்பகல் மண்டபம் நேரே நின்றது. எட்டாவது கம்பியை எலியாசர் மாட்டி, கடைசித் திருகைத் தானே செய்யாமல் கைப்பிடியை ஆர்டிஸிடம் கொடுத்தார். அவர் திருகத் திருக, எட்டுக் கம்பிகளும் ஒன்றாக விறைத்து, மெல்லிய ஓசை ஒன்று எழுந்து அடங்கியது. பொறியாளர் இரண்டு முறை வந்தார். முதல் முறை உதட்டைப் பிதுக்கினார். இரண்டாம் முறை, கால் அங்குலம் பாக்கி இருப்பதாகவும் அதற்குமேல் தன் வீடே சாய்ந்திருப்பதாகவும் சொல்லிவிட்டுச் சிவப்புத் தாள்களைக் கிழித்தார்.

ஜூலைக் கடைசி வாரம் பொருட்காட்சி நடந்தது. மேலே இரண்டு கண்ணாடிக்குப் பதில் பலகை. கிழக்குப் பக்கம் வர்ணம் அடிக்க நேரமில்லை. போட்டிப் பட்டியலில் சட்னிகளுக்கென்று புதிதாக ஒரு பிரிவு சேர்ந்திருந்தது. பதினான்கு பாட்டில்கள் வந்தன. மாரிசேலாவுக்கு மூன்றாம் பரிசு, வெள்ளை ரிப்பன். "காரம் அதிகம்" என்று நடுவர் எழுதியிருந்தார். மாரிசேலா இடுப்பில் கைவைத்து, அந்தம்மாவிடம் நேரே போனார். "காரம் அதிகமா? மிளகாய்ச் சட்னியில பின்ன பாலா ஊத்துவாங்க? தண்ணி குடிச்சிட்டு இன்னொரு வாய் சாப்பிட்டுப் பாருங்க!" நடுவர் சாப்பிட்டார். தீர்ப்பு மாறவில்லை. ஆனால் அவர் மேசையைவிட்டுப் போகும்போது பாட்டிலைக் கையோடு எடுத்துப் போனதைப் பலர் பார்த்தார்கள். ஆர்டிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

வியாழக்கிழமை காலை, கூட்டம் சேரும் முன்பே, முதியோர் இல்லத்தின் வண்டி மண்டபத்துக்கு வெளியே வந்து நின்றது. லாடி வரமாட்டேன் என்று இரண்டு நாள் அடம்பிடித்தாராம். ஆர்டிஸ் எப்படிச் சம்மதிக்கவைத்தார் என்று எனக்குத் தெரியாது. சக்கர நாற்காலியை வடக்குக் கதவு வழியாகத் தள்ளிக்கொண்டு வந்து, மேசைகளுக்கு நடுவே, அந்த இரும்பு வளையத்துக்கு நேர் கீழே நிறுத்தினார்.

தீவனக் கம்பெனியின் தொப்பியைப் புருவம்வரை இறக்கிவிட்டிருந்தார் கிழவர். கண் தரையிலேயே இருந்தது. ஜாம் பாட்டில்களைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தினார்கள்.

ஆர்டிஸ் அப்பாவின் முன்னால் வந்து குந்தினார். கையிலிருந்த கிரீஸைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, தொப்பியின் முன்விளிம்பை ஒரு விரலால் மெல்ல மேலே தள்ளிவிட்டார்.